ஆத்தாளுக்கு நேர்ந்த முடி

நூலின் பலத்தைப் பார்க்கிற மெஷினில் அன்றைக்கு நான் மாட்டியது நூல் இல்லை, என் தலைமுடி.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில். அதன் டெஸ்டிங் லேபில் எனக்கு வேலை. மெஷினில் மேலே ஒரு பிடி இருக்கும், கீழே ஒரு பிடி. நடுவில் ஒரு இழையை மாட்டி ஓடவிட்டால் கீழ்ப்பிடி மெல்ல இறங்கும். இழை அறுகிற இடத்தில் முள் நிற்கும். முள் காட்டுவதுதான் நூலின் பலம்.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். காலையில் சீப்பில் வந்த முடிகளை ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தேன். அதில் ஒன்றை மாட்டினேன். முடி இழுபட்டது. இன்னும் இழுபட்டது. அறுகிற வழியாகவே தெரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

"ஏமே, என்ன பண்ணிக்கிட்டிருக்க?" வாசலில் டிபன் பாக்ஸோடு லலிதா நின்றாள். என்னோடு லேபில் வேலை பார்ப்பவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள் என்பதால் என்னைக் கூப்பிட மட்டும் தெலுங்கு வரும். மீதியெல்லாம் ராஜபாளையத்துத் தமிழ்.

"முடிய டெஸ்ட் பண்ணுதேன்."

"எதுக்கு?"

"எங்கம்மாவ ஜெயிக்கதுக்கு."

லலிதா டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டிருப்பாள். அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. கதையை முன்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும்.

கேட்காமல் நேர்ந்தது

எனக்கு டைபாய்டு வந்து மார்கழி முழுக்கப் படுத்துக் கிடந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். பிழைத்து எழுந்தேன், கஞ்சியிலிருந்து சோற்றுக்கு வந்தேன், மில்லுக்கும் போகத் தொடங்கினேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு, பங்குனி வாக்கில் முடி கொட்டத் தொடங்கியது.

கொட்டியது என்றால் ஏதோ நாலு முடி இல்லை. தலை வாரினால் சீப்பு நிறைய, குளித்தால் தண்ணீர் போகிற மடை நிறைய, காலையில் தலையணை நிறைய. சோற்றில் முடி கிடந்தால் வீட்டில் யாரும் கேள்வியே கேட்காமல் என்னைப் பார்த்தார்கள். வகிடு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது.

அப்பா என்னை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் என் தலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பெரிய காய்ச்சல் வந்தா அப்ப கொட்டாது. ரெண்டு மூணு மாசம் கழிச்சுத்தான் கொட்டும். பொறவு தானா வளரும். கீரை, முட்டை, பயறுன்னு நல்லா சாப்பிடு" என்றார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

தானாக வளரும் என்றால் யார் நம்புவார்கள்? நானும் நம்பவில்லை, அம்மாவும் நம்பவில்லை. நாங்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அந்த வருடத்தில் அது ஒன்றுதான்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள். அவளுக்கு முடி இடுப்பைத் தாண்டி இறங்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் நின்று முடியைத் தட்டிக் காயவைப்பாள். எதிர்வீட்டுக்காரம்மா கோலமாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு நகை அதிகம் கிடையாது. கல்யாண வீடுகளில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததெல்லாம் அந்தக் கொண்டையை நம்பித்தான்.

"ஆண்டாள் ஊரு பொம்பளைக்குப் பொறந்துட்டு, கொண்டை போட முடி இல்லன்னா சிரிக்க மாட்டாவளா?" என்று அம்மா புலம்பினாள். புலம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

ஒரு நாள் மில்லிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துட்டேன். உனக்குக் கொட்டுறது நின்னு, புதுசா முளைச்சுட்டா, ஆடிக் கடைசி வெள்ளிக்கு வந்து முடி இறக்குதோம்னு."

"யாரு முடிய?"

"இதென்ன கேள்வி? உன் முடியத்தான்."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "நிக்காம கொட்டினாலும் மொட்டை. நின்னு வளந்தாலும் மொட்டை. அப்படித்தானம்மா?"

"ஏட்டி, சாமி விஷயத்துல வெளையாடாத. ஆத்தா ஒரு தரம் வாங்கிக்கிட்டா பொறவு கொத்துக் கொத்தா குடுப்பா. ஒரு வருசம் போகட்டும். முடி வளந்த பொறவு மாப்பிள்ளை பாப்போம்."

சிரிப்பு போய்க் கோபம் வந்தது. மொட்டை கூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நேர்ந்துவிட்ட கிடாயிடம்தான் யாரும் கேட்க மாட்டார்கள். அதன் தலையில்கூடத் தண்ணீர் தெளித்து, அது உலுக்கிச் சம்மதம் சொல்கிறதா என்று பார்க்கிறார்கள்.

"நான் உக்கார மாட்டேன்" என்றேன். "எந்தலைக்கு என்ன செய்யணுமோ நானே செஞ்சுக்கிடுதேன். ஆத்தா வரைக்கும் போக வேண்டாம்."

"நீ செஞ்சு முளைச்சிருமாக்கும்? செய்யி, பாப்போம்."

அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

உருகிய கூந்தல்

ஊரில் முடிக்கு வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. வழுக்கைத் தலையோடு இருக்கும் மனிதர்கூட, "ராத்திரி வெந்தயம் ஊறப் போடு" என்பார். நான் லேபில் பழகியவள். ஒரே நேரத்தில் பத்து மாற்றம் செய்தால் எதனால் நூல் சரியானது என்று தெரியாது. அதனால் ஒரு சமயத்தில் ஒரே வைத்தியம், அது சரிப்படவில்லை என்றால்தான் அடுத்தது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் சின்ன வெங்காயம். இடித்துச் சாறு பிழிந்து காலையில் தேய்த்தேன். கண் எரிந்து, மூக்கு ஒழுகி, குளித்துவிட்டுத்தான் மில்லுக்குப் போனேன். ஆனால் வெங்காயம் லேசில் போகிற சாமான் இல்லை. லேபுக்குள் ஈரப்பதத்துக்காகத் தண்ணீர்ப் புகை அடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரத்தில் வாடை திரும்ப எழுந்து வந்தது. ஸ்பின்னிங் மாஸ்டர் உள்ளே வந்தவர் மூக்கை உறிஞ்சி, "யாரும்மா இங்க சாம்பார் வைக்கது?" என்றார். லலிதா மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தாள். சில வாரங்களில் வெங்காயத்தை நிறுத்தினேன்.

இடையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமா வீட்டுக்குப் போனபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் மலை மூலிகைத் தைலம் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு அம்மாள், முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூந்தல் ஸ்டூலைத் தாண்டித் தரையைத் தொட்டது. பால்கோவா வாங்க வந்தவர்கள் எல்லாம் பால்கோவாவை மறந்து நின்றார்கள்.

கூட வந்த அத்தை என் கையைக் கிள்ளினாள். "எம்புட்டு முடி பாத்தியா? வாங்கிருவமா?"

நான் அந்த அம்மாளின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு முடி கிடந்தது. கைக்குட்டை விழுந்த மாதிரி குனிந்து எடுத்துக்கொண்டேன்.

எங்கள் லேபில் ஒரு இழை பஞ்சா, கம்பளியா, நைலானா என்று சந்தேகம் வந்தால் தீக்குச்சியைக் காட்டுவோம். பஞ்சு காகிதம் மாதிரி எரியும். மயிர் சுருண்டு கருகும், நாற்றம் ஊரைக் கூட்டும். மாமா வீட்டு அடுப்படியில் அந்தக் கூந்தல் இழையைத் தீயில் காட்டினேன். அது சத்தமில்லாமல் உருகி, நுனியில் கறுப்பாக ஒரு உருண்டையாக நின்றது.

"நைலான், அத்தை."

அத்தைக்கு வருத்தம். அவள் ஏற்கெனவே ரெண்டு பாட்டில் வாங்கியிருந்தாள்.

விளக்குத் திரி

அதற்குப் பிறகுதான் எண்ணெய்க்கு வந்தேன். கரிசலாங்கண்ணியை இடித்துச் சாறெடுத்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, ஆமணக்கெண்ணெயும் கலந்தேன். நாட்டு மருந்துக் கடைக்காரர் குன்றிமணிப் பொடியும் சேர்க்கச் சொன்னார். அது விஷம் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்ததால் அதை மட்டும் தொடவில்லை.

எண்ணெய் விஷயத்தில் அம்மாவும் என் கட்சி. "நல்லா மண்டை முங்க வையி. காஞ்ச தலையிலதான் முடி நிக்காது" என்று அவளே கிண்ணத்தை நீட்டுவாள். காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது நெற்றி வழியாக ஒழுகுகிற அளவுக்கு வைத்தேன். எவ்வளவு வைக்கிறேனோ அவ்வளவு சீக்கிரம் ஜெயிப்பேன் என்கிற நினைப்பு.

ஜெயிக்கிறேனா என்று பார்க்கத்தான் முடியை மெஷினில் மாட்டியது. எண்ணெய் வைப்பதற்கு முன் கொட்டி, எடுத்து வைத்திருந்த முடியையும், வைத்த பின் கொட்டிய முடியையும் மாட்டிப் பார்த்தேன். எண்ணெய் முடிதான் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. அல்லது அப்படித் தாங்கியதாக நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லலிதா சொன்னாள்: "பலமா இருக்குன்னு சொல்லுத. அம்புட்டுப் பலமான முடி எதுக்குக் கீழ விழுந்துச்சு?"

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அன்றைக்கு அவள் கொண்டுவந்த புளியோதரையைத் தொடவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு ரிங் ஃபிரேமில் நூல் அடிக்கடி அறுகிறது என்று புகார் வந்தது. அது நூல் நூற்கிற பெரிய மெஷின். லேபில் நாங்கள் அறுந்த நூலை எத்தனை தரம் சோதித்தாலும் பலம் சரியாகத்தான் இருந்தது. மாஸ்டர் என்னை அங்கேயே போய் நின்று பார்க்கச் சொன்னார். நின்றேன். கண்ணுக்கு நேரே தெரிந்தது. எவனோ ஒருவன் எண்ணெயை அளவில்லாமல் விட்டிருந்தான். எண்ணெய் வழிந்த இடத்தில் எல்லாம் பறக்கிற பஞ்சு வந்து ஒட்டி, கரியும் பிசுக்குமாக அடைத்துக்கொண்டிருந்தது. நூலில் குற்றம் இல்லை. அது புறப்படுகிற இடம் அழுக்கு.

நான் மெல்லத் தலைக்குக் கையைக் கொண்டுபோனேன். விரலில் கரியும் பிசுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது.

லேபுக்கு வந்து லலிதாவின் முன்னால் உட்கார்ந்தேன். "வகிட எடுத்து மண்டையப் பாரு. முடியப் பாக்காத. மண்டையப் பாரு."

அவள் பென்சிலால் முடியை ஒதுக்கினாள். "மாவு அப்பின மாதிரி இருக்கு. பொடுகும் எண்ணெயும் பஞ்சும். நடுநடுவுல செவந்து புண்ணாக் கெடக்கு. இது அரிக்கலையா உனக்கு?"

அரித்தது. எண்ணெய் வேலை செய்கிறது, அதனால்தான் அரிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சு மில்லில் எட்டு மணி நேரம் நிற்கிறவள் தலை முங்க எண்ணெய் வைத்துக்கொண்டால், அது தலையா, விளக்குத் திரியா? என்னைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். இந்த அசட்டுத்தனத்துக்கு நான் வைத்தியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

வேர் இருக்கிற இடம்

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன்: "இனி காலைல எண்ணெய் கிடையாது."

"தலை காஞ்சு போகும்ட்டி!"

"காயட்டும்."

வாரத்துக்கு ஒரு தரம் குளித்த தலை, ஒன்றுவிட்டு ஒரு நாள் குளிக்கத் தொடங்கியது. சோறு வடித்த கஞ்சியில் சீயக்காயைக் குழைத்து, செம்பருத்தி இலையைக் கசக்கிய கொழகொழப்பையும் கலந்து, நகம் படாமல் விரல் நுனியால் மட்டும் தேய்ப்பேன். சில நாள் ஊறிய வெந்தயத்தைத் தயிர் விட்டு அரைத்து மண்டையில் போட்டு ஊறவிடுவேன். எண்ணெய் உண்டு. குளிப்பதற்குச் சற்று முன்னால், புண் இல்லாத இடத்தில் மட்டும், ஒரு கரண்டிகூட வராது. டாக்டர் சொன்ன கீரையும் முட்டையும் மாத்திரையும் நடந்துகொண்டே இருந்தன.

பஞ்சு படாமல் இருக்க ஒரு வழி வேண்டும். என் அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை பார்த்தார். காற்றோட்டமான துணி, வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஒரு துண்டு வாங்கித் தலையை இறுக்காமல் மூடிக் கட்டிக்கொண்டேன்.

முதல் நாள் மில் கேட்டில் வாட்ச்மேன் பதறிப்போனார். "எங்கம்மா அடி? பஸ்ஸுல விழுந்துட்டியா?"

"அடி இல்லண்ணே. பாதுகாப்பு."

"அடிபடுறதுக்கு முன்னாலயே கட்டா!" என்று அவர் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கச் சிரித்தார். ஒரு வாரத்துக்கு மில் முழுக்க என் பெயர் 'கட்டுக்காரி'. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு நூலைச் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருவராக, "உங்கப்பாகிட்ட எனக்கும் ஒரு துண்டு கேளுக்கா" என்று வந்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன்.

அரிப்பு நின்றது. பொடுகு குறைந்தது. கொட்டுவது மட்டும் உடனே நிற்கவில்லை. சில காலைகளில் சீப்பைப் பார்த்ததும் அழுகை முட்டும். அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, சீயக்காயைக் கரைப்பேன். விடுவதாக இல்லை. ஆனியில் ஒரு நாள் சீப்பு இலேசாக வந்தது. மறுநாளும் அப்படியே வந்தது.

ஆடி பிறந்த சமயம். கண்ணாடிக்கு முன் நின்றபோது நெற்றி ஓரத்தில் என்னவோ சிலிர்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி தெரிந்தது. தடவிப் பார்த்தேன். குட்டை முடி. வகிடு நெடுக அறுகம்புல் மாதிரி முளைத்திருந்தது.

"அம்மா! அம்மா, இங்க வா!"

ஜெயித்ததும் தோற்றேன்

அம்மா வந்தாள். என் தலையைச் சன்னல் பக்கம் திருப்பி, கண்ணை இடுக்கிப் பார்த்தாள். விரலால் நீவினாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, பகையெல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

"முளைச்சிருச்சு" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா குடுத்துட்டா. இனி நாம குடுக்க வேண்டியதுதான் பாக்கி."

முளைக்க வைத்தால் அம்மாவை ஜெயித்துவிடலாம் என்றுதானே இத்தனை பாடு? நான் ஒவ்வொரு நாளும் கஞ்சியும் சீயக்காயுமாக மல்லுக்கட்டி வளர்த்தது என் முடியை அல்ல, நேர்த்திக்கடனை. எவ்வளவு நன்றாக முளைத்ததோ, அவ்வளவு உறுதியாகக் கடன் ஏறியிருந்தது.

"அது நான் வளத்ததும்மா!"

"நீ தேச்ச. வளத்தது அவ."

டாக்டரைக் கேட்டிருந்தால், "ரெண்டு பேரும் இல்ல, தானா வளந்துச்சு" என்றிருப்பார். இப்போது யோசித்தால் அவர் சொன்னதுதான் பெரும்பாலும் சரி. என் கைங்கரியம், இருந்த புண்ணை ஆற்றி வழிவிட்டதுதான். அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ளும் மனநிலையில் நான் இல்லை.

ஆடி முழுக்க வீட்டில் சண்டை. அப்பா வெளியே தெரியாமல் பேப்பருக்குள் ஒளிந்துகொண்டார். "பூமுடி மட்டும் குடுத்தா என்ன? ஒரு கத்தை வெட்டிக் குடுத்தா ஆத்தா வேண்டாம்னா சொல்லுவா?" என்று ஒரு தரம் சமாதானம் பேசிப் பார்த்தார்.

"நேந்தது முழுத் தலை" என்றாள் அம்மா. "பேச்சு மாறினா அவ சும்மா இருக்க மாட்டா. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீய?"

அப்போதுதான் அம்மாவின் குரலில் இருந்தது பிடிவாதம் மட்டும் இல்லை, பயம் என்று எனக்குப் புரிந்தது. மார்கழியில் நான் கண்ணைத் திறக்காமல் கிடந்த நாட்களில் அவள் என்னென்ன நினைத்தாளோ. இருந்தாலும் நான் இறங்கவில்லை. அவள் பயத்துக்காக என் தலையைக் கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு பயம் வரும், நானும் கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்று தோன்றியது.

கடைசி வெள்ளி

இருக்கன்குடிக்கு நானும் போனேன். வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பயந்து ஒளிந்த மாதிரி இருக்கும். சாத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆற்று மணலில் முடித் தலைகளும் மொட்டைத் தலைகளுமாக ஒரே திருவிழா. தீச்சட்டி, வேப்பிலை, கிடா, கரும்புச்சாறு, குழந்தைகள் அழுகிற சத்தம்.

முடி எடுக்கிற இடத்துக்கு வந்ததும் அம்மா நின்றாள். "கடைசியாக் கேக்கேன். உக்காருதியா?"

"இல்லம்மா."

"கூட்டத்துல என்னைய அவமானப்படுத்தாத."

"நான் சத்தம் போடல. உக்கார மாட்டேன்னுதான் சொல்லுதேன்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். பிறகு என் பக்கத்திலிருந்து நகர்ந்தாள். கொண்டையில் இருந்த பூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஊசிகளைக் கழற்றினாள். முடி சரிந்து இடுப்புக்குக் கீழே இறங்கியது. பக்கத்தில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முடி எடுக்கிறவருக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தாள்.

அவருக்கே சந்தேகம். "பூமுடியாம்மா?"

"முழுசா எடுங்கய்யா."

"அம்மா, வேண்டாம்" என்று நான் அவள் தோளைப் பிடித்தேன்.

"நீ உன் தலைக்குச் சொன்ன, நான் விட்டுட்டேன். எந்தலைக்கும் நீதான் சொல்லுவியோ?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

கையை எடுத்துவிட்டேன். எடுக்கத்தானே வேண்டும்?

தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துவிட்டுக் கத்தி வைத்தார். கனமான முடி கொத்துக் கொத்தாக அம்மாவின் மடியில் விழுந்தது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், கரும்புச்சாறு விற்கிறவர் கடையை விட்டு வந்து பார்க்கிற அளவுக்கு. நான் உட்காராததற்காக அழவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. அம்மாவின் தலை அவ்வளவு சின்னது என்று எனக்கு அதுவரை தெரியாது. அதனால் அழுதேன்.

பெண் பார்க்க வந்தவர்கள்

ஆவணியில் மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்தான். பையன் கோர்ட்டில் கிளார்க். அவனுடைய அம்மாவும் பெரியம்மாவும் முதலில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அம்மா தலையில் முள் முள்ளாக முடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையால் மூடிக்கொண்டுதான் இருந்தாள். எனக்குக் குட்டை முடியெல்லாம் நெற்றியைச் சுற்றி நின்றது. எண்ணெய் தடவிப் படியவைக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. மெலிந்த பின்னலில் மல்லிகையை மட்டும் வைத்துவிட்டாள்.

கேசரி, மிக்சர், காபி. பெரியம்மாக்காரியின் கண் அம்மாவின் முந்தானையை விட்டு நகரவே இல்லை. கடைசியில் கேட்டேவிட்டார். "நேர்ச்சையா மதினி? யாருக்கு?"

அம்மா காய்ச்சலை மறைப்பாள், முடி கொட்டியதை மறைப்பாள், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நான் தயாராக இருந்தேன். அம்மா முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள்.

"எம் மகளுக்கு டைபாய்டு வந்து முடி கொட்டுச்சு. அவ முடியத் தாரேன்னு நேந்தேன். அவ தர மாட்டேன்னுட்டா. அதான் நான் குடுத்துட்டு வந்தேன்."

பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெத்தவ சொல்லத் தட்டுற புள்ளையா?"

"தட்டுவா" என்றாள் அம்மா. "தட்டிட்டு, தான் சொன்னதச் செஞ்சும் காட்டுவா. ஆறு மாசம் கண்ணால பாத்துட்டேன். அப்படிப் புள்ள வேணும்னா பேசுங்க. வேண்டாம்னா காபி ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டுப் போனார்கள். பதில் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். மாமா தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்படிக்கு வந்து, எனக்கு முன்னால் பலகையைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மண்டை அரிக்கு. பொடிப்பொடியா எதோ உதிருது. எண்ணெய் வைக்கட்டா?"

"வேண்டாம்மா. முதல்ல கழுவணும்."

தலையை எனக்கு வாகாகச் சாய்த்தாள்.

"சரி, நீ சொல்லுதபடி செய்யி."